ஊர்ப் பங்குகளுக்கு சிங்கப்பூரிலிருந்து வரிக்கணக்கு: எந்த மென்பொருள் தாக்குப்பிடிக்கிறது?

சிங்கப்பூரில் வசிக்கும் சாதாரண முதலீட்டாளருக்குப் பங்கு விற்ற லாபத்தில் வரி இல்லை. உள்ளூர் நிறுவனங்கள் தரும் டிவிடெண்டுக்கும் இல்லை. டிபிஎஸ், சிங்டெல் பங்குகளை மட்டும் சிடிபி (சிங்கப்பூரின் மத்திய பங்கு வைப்பகம்) கணக்கில் வைத்திருப்பவர், ஏப்ரல் 18க்குள் ஐராஸ் (சிங்கப்பூர் வரித்துறை) படிவத்தை முடிப்பதற்காக, பங்குக் கணக்கு வைக்கும் எந்த மென்பொருளுக்கும் காசு கொடுக்க வேண்டாம். வாங்கி விற்பதையே பிழைப்பாகக் கொண்டவர் கதை வேறு. எத்தனை முறை விற்றார், எவ்வளவு நாள் கையில் வைத்திருந்தார், எதற்காக வாங்கினார் என்று பார்த்து ஐராஸ் அதை வருமானமாகவே கொள்ளலாம்.

அமெரிக்கப் பங்குகளிலும் வேலை குறைவுதான். டிவிடெண்டில் 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். மொத்தம், பிடித்தம் இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்யும் வசதி இருந்தால் போதும். நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று தரகரிடம் அறிவிக்கும் டபிள்யூ-8 பென் படிவம் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு வரும் மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரை செல்லும். அந்தத் தேதியையும் குறித்து வையுங்கள்.

மென்பொருள் நிஜமாகவே தேவைப்படுவது ஊரில், அதாவது இந்தியாவில், டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு முறையில் வைக்கும் கணக்கு) வைத்திருக்கும் என்ஆர்ஐகளுக்கு. 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய இந்தியப் பங்குகளின் லாபத்துக்கு இந்தியா-சிங்கப்பூர் வரி ஒப்பந்தப்படியே இந்தியா வரி போடலாம். 2024 ஜூலை 23 முதல், பட்டியலிட்ட பங்கை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 விழுக்காடு (ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாயைத் தாண்டிய லாபத்துக்கு), அதற்குள் விற்றால் 20. இந்தக் கணக்கைச் சரியாகப் போடுகிறதா என்பதை வைத்துத்தான் மென்பொருளை எடைபோட வேண்டும்.

முதல் ஆண்டு எல்லா மென்பொருளும் நன்றாகத்தான் இருக்கும். வாங்கியது, விற்றது, வண்ண வரைபடம் என்று எல்லாம் பொருந்தும். போனஸ் (இலவசமாகத் தரும் பங்கு), பங்குப் பிரிப்பு, கம்பெனி பிரிதல் என்று ஒவ்வொன்றாக வரும் மூன்றாம் ஆண்டில்தான் சாயம் வெளுக்கும். சந்தா கட்டும் முன் கீழே உள்ள ஒரே உதாரணத்தைப் போட்டுப் பாருங்கள்.

2023 ஜனவரியில் 100 ரிலையன்ஸ் பங்கு, தலா 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அசல், அதாவது வாங்கிய செலவு, 2,40,000. அதே ஆண்டு ஜூலையில் ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தது. ஒரு பங்குக்கு ஒரு பங்கு கிடைத்தது, அசலில் 4.68 விழுக்காடு அதற்குப் போய்விட்டது. ஜியோவின் அசல் 11,232. ரிலையன்ஸில் மிச்சம் 2,28,768. 2024 அக்டோபரில் 1:1 போனஸ் வந்து இன்னொரு 100 பங்கு சேர்ந்தது. 2025 ஜூனில் 100 பங்கை 1,400 ரூபாய்க்கு விற்றால் விளைவு என்ன?

இந்திய வரிச் சட்டப்படி போனஸ் பங்கின் அசல் பூஜ்யம், அதன் தேதி ஒதுக்கீடு செய்த நாள். முதலில் வந்ததே முதலில் போகும் என்பதால் விற்றது பழைய 100 பங்கு. விற்ற தொகை 1,40,000, அசல் 2,28,768, ஆக 88,768 ரூபாய் நீண்டகால நஷ்டம். ஆனால் உலகச் சந்தைக்காக எழுதிய பல மென்பொருள்கள் போனஸை 2:1 பிரிப்பாக எடுத்துக்கொண்டு அசலை 200 பங்குக்கும் பரப்பிவிடும். அப்போது ஒரு பங்கின் அசல் 1,143.84 ஆகி, 25,616 ரூபாய் லாபம் என்று காட்டும். போனஸ் பங்கையும் விற்ற பிறகு கூட்டுத்தொகை ஒன்றாகத்தான் வரும், ஆனால் எந்த ஆண்டில் எவ்வளவு என்பது தப்பாகிவிடும். நஷ்டத்தை 8 ஆண்டு வரை எடுத்துச் செல்லும் உரிமை, ரிட்டர்னை உரிய நாளுக்குள் போட்டவருக்கே உண்டு. (போனஸ் பதிவுத் தேதிக்கு முந்தைய 3 மாதத்துக்குள் வாங்கிய பங்கை, போனஸைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த 9 மாதத்துக்குள் விற்றால் அந்த நஷ்டம் செல்லாது என்பதும் நினைவிருக்கட்டும்.)

திருத்தம் செய்யும் முறை இது. போனஸை ‘பிரிப்பு’ என்று போடாமல், ஒதுக்கீட்டு நாளில் பூஜ்ய விலைக்கு உள்ளே வந்த பங்காகப் போடுங்கள். பூஜ்யத்தை ஏற்காத மென்பொருளில் 0.01 போடலாம், 100 பங்குக்கு ஒரு ரூபாய்தான் வித்தியாசம். கம்பெனி பிரிதலுக்கு, பழைய வாங்கல் விலையை 2,287.68 என்று மாற்றிவிட்டு, அதே பழைய தேதியில் ஜியோவை 112.32க்கு வாங்கியதாகச் சேருங்கள். விற்று மறுபடி வாங்கியதாகப் போட்டால் கையில் வைத்திருந்த காலம் அறுந்துபோய் குறுகியகால லாபமாக விழலாம். குறிப்புக் கட்டத்தில் 95.32/4.68 என்று எழுதி வைக்கவும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அந்த விலை எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் விளங்காது.

அடுத்து நாணயம். கணக்கின் அடிப்படை நாணயம் சிங்கப்பூர் வெள்ளியாக இருந்தால், ரூபாய் சரிந்த ஆண்டுகளில் லாபமே நஷ்டமாகத் தெரியலாம். நீண்டகால லாபத்தை இந்திய வரி ரிட்டர்னின் 112ஏ அட்டவணையில் ரூபாயிலேயே காட்ட வேண்டும். அதனால் இந்தியப் பங்குகளுக்கு ரூபாயை அடிப்படையாகக் கொண்ட தனி ஃபைல் வையுங்கள். என்ஆர்இ (வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கானது), என்ஆர்ஓ (இந்திய வருமானத்துக்கானது) என்று இரண்டு டீமேட் இருந்தால் அவையும் தனித்தனிதான், ஏனென்றால் முதலில் வந்தது முதலில் போகும் விதி ஒவ்வொரு டீமேட்டுக்கும் தனியாகப் பொருந்தும். இரண்டையும் கலந்து கணக்கிடும் மென்பொருளை வரிக்கு நம்ப வேண்டாம்.

செலவுகளை ஒரே கட்டத்தில் கேட்கும் மென்பொருளிலும் கவனம் தேவை. தரகுக் கட்டணத்தைக் கழிக்கலாம், எஸ்டிடியை (பங்குப் பரிவர்த்தனை வரி) கழிக்க முடியாது. ஒரு லட்சத்துக்கு 100 ரூபாய்தான் என்றாலும், காண்ட்ராக்ட் நோட்டின் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தரகர் தரும் ரசீது) மொத்தத்தை அப்படியே ஏற்றினால் தரகர் தரும் அறிக்கையோடு ஒருபோதும் ஒத்துப்போகாது.

எதை எடுக்கலாம்? என் தேர்வு போர்ட்ஃபோலியோ பெர்ஃபார்மன்ஸ். இலவசம், திறந்த மூலம், ஃபைல் உங்கள் கணினியிலேயே இருக்கும், பழைய பதிவு எதையும் கையால் திருத்தலாம். ஷேர்சைட் பார்க்க அழகாக இருக்கும், டிவிடெண்டைத் தானே பதிவு செய்துகொள்ளும். ஆனால் அதன் வரி அறிக்கைகளின் பலம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம். ஸ்டாக்ஸ்கஃபே சிங்கப்பூர்க்காரர்களுக்கானது, உள்ளூர் டிவிடெண்ட் பார்க்க வசதி. எதை எடுத்தாலும் பக்கத்தில் ஒரு எக்ஸல் தாள் இருக்கட்டும். டீமேட், ஐசின் (பங்கின் அடையாள எண்), தேதி, எண்ணிக்கை, விலை, தரகு, எஸ்டிடி, 2018 ஜனவரி 31 அன்றைய உச்ச விலை என்று எட்டுக் கட்டங்கள். அந்தக் கடைசிக் கட்டம் 2018 பிப்ரவரி 1க்கு முன் வாங்கிய பங்குக்காக. உச்ச விலை, விற்ற விலை இரண்டில் குறைந்ததை எடுத்து, வாங்கிய விலையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதுவே அசல். 300க்கு வாங்கி, அன்றைய உச்சம் 900 இருந்து, 700க்கு விற்றால் அசல் 700, லாபம் இல்லை.

தரகர் அறிக்கையை மென்பொருளில் ஏற்றும்போது அடிக்கடி வரும் கோளாறு இரண்டு. அமெரிக்கச் சந்தை இங்கே இரவு 9.30க்கோ 10.30க்கோ திறப்பதால், நள்ளிரவுக்குப் பின் நடந்ததைச் சில மென்பொருள் சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றி மறுநாள் தேதியில் போடும். அதே பரிவர்த்தனை இரண்டாவது அறிக்கையில் முதல் நாள் தேதியோடு வந்தால் இரண்டு முறை பதிவாகும். இந்தியாவில் முகமதிப்பு பிரிந்தால் ஐசின் மாறும், மென்பொருள் அதைப் புதுப் பங்கு என்று நினைத்துப் பழையதை அப்படியே விட்டுவைக்கும். ஒரே பெயர் இரண்டு வரியில் தெரிந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்திய நிதியாண்டு முடியும் மார்ச் 31 முடிந்ததும், டீமேட் பங்குகளை வைத்திருக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் வைப்பகத்தின் அறிக்கையிலுள்ள பங்கு எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். பிறகு விற்ற தொகையை ஏஐஎஸ்ஸோடும் (இந்திய வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கை), டிடிஎஸ்ஸை (முன்கூட்டியே பிடித்த வரி) 26ஏஎஸ்ஸோடும் (அந்தப் பிடித்தங்களின் பட்டியல்) சரிபாருங்கள். டிவிடெண்டில் 20 விழுக்காடும் செஸ்ஸும் பிடித்திருந்தால், ஒப்பந்தப்படி தனிநபருக்கு 15தான். ஐராஸ் தரும் வசிப்புச் சான்றிதழும் 10எஃப் படிவமும் (ஒப்பந்தச் சலுகை கேட்பதற்கான இந்தியப் படிவம்) இருந்தால் அதிகம் பிடித்ததை ரிட்டர்னில் கேட்கலாம். இந்த ஒப்பீடு முடிந்த பின்பே ஊர் ஆடிட்டருக்கு அனுப்புங்கள், ரிட்டர்ன் போடும் கடைசி நாளான ஜூலை 31க்கு இரண்டு வாரம் முன்பாக. அனுப்பும் நாளில் மென்பொருளிலிருந்து முழுப் பதிவையும் சிஎஸ்வியாக இறக்கி, காண்ட்ராக்ட் நோட்டுகளோடு ஒரே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். சந்தா நின்றாலும் அது கையில் இருக்கும்.