நெடுந்தொலைவு டிரையத்லானுக்குப் புத்தகம் தேர்ந்தெடுத்தல்: தஞ்சையிலிருந்து ஓர் ஐந்தாண்டு அனுபவம்

3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டிய முழுத்தொலைவு டிரையத்லானுக்கு, பயிற்சியாளர் எவரும் இல்லாமல், தஞ்சாவூரில் இருந்தபடி புத்தகங்களை நம்பியே தயாரானவன் நான். ஐந்து ஆண்டுகளில் ஏழு புத்தகங்கள் வாங்கினேன். இன்றும் எடுத்துப் புரட்டுபவை மூன்றுதான். காசு கொடுத்து வாங்கும் முன் ஒரு புத்தகத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது எனக்கு அன்றே சொல்லியிருந்தால், முதல் இரண்டு ஆண்டுகள் வீணாகியிருக்காது.

முதலில் வாங்கியது, வாரவாரியான அட்டவணைகளே முக்கால் பங்காக நிறைந்திருந்த ஒரு நூல். செவ்வாய்தோறும் மேட்டில் ஏறி இறங்கி ஓடச் சொன்னது. வல்லத்துப் பக்கம் போனால்தான் எங்களுக்கு மேடு என்று சொல்லிக்கொள்ள ஏதாவது உண்டு. அதில் குறித்திருந்த வேகத்தைச் சித்திரை வெயிலிலும் விடாமல் பிடிக்க முயன்று, ஆறாவது வாரத்தில் முழங்கால் வலியோடு படுத்தேன். எந்தப் பயிற்சி எதற்காக என்ற காரணத்தை அந்நூல் எங்கும் சொல்லவில்லை. காரணம் தெரிந்திருந்தால், மேடு இல்லாத ஊரில் அதற்கு மாற்றாக எதைச் செய்யலாம் என்று நானே கண்டுபிடித்திருப்பேன். ஆடி மாதத்தில் பூதலூர் வழியாகக் கல்லணையை நோக்கிச் சைக்கிள் மிதித்தால், எதிரே அடிக்கும் மேல்காற்று எந்த மேட்டுக்கும் குறையாத வேலையைக் கால்களுக்குக் கொடுக்கும். இது எனக்குப் புரிய இரண்டாம் ஆண்டு ஆயிற்று.

அதன்பின் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அட்டவணையைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் வெப்பத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடுவேன். உடல் சூடேறும்போது தோலுக்கு அதிக இரத்தம் போக வேண்டியிருப்பதால், அதே வேகத்தில் ஓடினாலும் இதயத்துடிப்பு உயரும் என்பதை விளக்காத நூல் டெல்டாக்காரருக்குப் பயன்படாது. அடுத்து, காய்ச்சலாலோ வீட்டுக் காரியத்தாலோ ஒரு வாரம் விட்டுப்போனால் மீண்டும் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்கிறதா என்று பார்ப்பேன். மூன்றாவது, பதிப்பு ஆண்டு. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற வல்லுநர் அமைப்பு 1996-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வியர்வையில் இழக்கும் நீர் முழுவதையும் ஈடுகட்டவோ, வயிறு தாங்கும் அளவுக்கோ குடிக்கச் சொன்னது. வெறும் நீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், 2007-இல் அது மிகையாகக் குடிப்பதைத் தவிர்க்கச் சொல்லி மாற்றப்பட்டது. வியர்வை ஆறாக ஓடும் நம் ஊரில் பழைய அறிவுரையை அப்படியே பின்பற்றுவது எளிது. ஆகவே இதை வலியுறுத்திச் சொல்கிறேன். இப்போது ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவையும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை என்று கணக்கிட்டு, அதற்கேற்பவே உப்புக் கலந்த நீர் எடுத்துச் செல்கிறேன்.

என்னிடம் நிலைத்த மூன்றில் முதலாவது, 1998-இல் முதற்பதிப்பு கண்ட ஜோ ஃப்ரீலின் 'டிரையத்லீட்ஸ் டிரெயினிங் பைபிள்'. உச்ச இதயத்துடிப்பை அறிய 220-இலிருந்து வயதைக் கழிக்கும் பொதுக்கணக்கை நம்பாமல், 30 நிமிடம் முழு முயற்சியோடு ஓடி, கடைசி 20 நிமிடங்களின் சராசரித் துடிப்பைப் பயிற்சியின் கடுமைக்கு அளவுகோலாகக் கொள்ளும் அவருடைய முறை எனக்கு மிகவும் உதவியது. அந்தச் சோதனையை மார்கழி விடியலில் ஒருமுறையும் வைகாசியில் ஒருமுறையும் செய்து, இரண்டு குறிப்புகளையும் தனித்தனியே வைத்திருக்கிறேன். இரண்டாவது, மாட் ஃபிட்ஸ்ஜெரால்டும் டேவிட் வார்டனும் எழுதிய '80/20 டிரையத்லான்'. பயிற்சி நேரத்தில் 80 விழுக்காட்டைப் பேசிக்கொண்டே செல்லக்கூடிய மெதுவான முயற்சியில் செலவிட வேண்டும் என்ற அதன் கொள்கையை ஏற்ற பிறகு முழங்கால் வலி திரும்பவில்லை. மெதுவாகப் போவதற்கு மனம் ஒப்ப எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

மூன்றாவது, டெர்ரி லாஃப்லினின் 'டோட்டல் இம்மெர்ஷன்'. கையை வேகமாகச் சுழற்றுவதைவிட, உடலை நீர்மட்டத்தில் சமநிலையாக நீட்டி நீரின் தடையைக் குறைப்பதே முதல் வேலை என்பது அதன் அடிப்படை. 25 மீட்டர் குளத்தில் 28 கைவீச்சு போட்டுக்கொண்டிருந்த நான் ஓராண்டில் 21-க்கு வந்தேன். ஆனால் எந்தப் புத்தகமும் நம் ஆற்றைப் பற்றிச் சொல்லாது. வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, புது ஆறு என்று நாங்கள் அழைக்கும் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்ததும் இறங்கத் தோன்றும். நீரோட்டத்தோடு நீந்திய நேரத்தைப் பயிற்சிக் குறிப்பில் எழுதினால் அது நம்மையே ஏமாற்றும், மதகுகளுக்கு அருகே உள்ளிழுக்கும் சுழலோ உயிரை வாங்கும். நான் குளத்தைவிட்டு ஆற்றுக்குப் போவதில்லை.

ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்பவர் ஃப்ரீலை வாங்கலாம். 400 மீட்டர் நிற்காமல் நீந்த இயலாதவர் மட்டும் லாஃப்லினிலிருந்து தொடங்க வேண்டும். என்னுடைய லாஃப்லின் பிரதி இப்போது பக்கத்துத் தெருத் தம்பியிடம் இருக்கிறது. குறுவை அறுப்பு முடிந்ததும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.