தைராய்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லி மருந்து விற்கிறார்கள், சுங்கை சிப்புட் பக்கம் உள்ளவர்கள் கவனம்

போன வருடம் எங்கள் தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் இலவச உடல் பரிசோதனை என்று மேசை போட்டார்கள். கையில் ஓர் உலோகக் குழாயைக் கொடுத்து ஒரு நிமிடம் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். கணினித் திரையில் கோடுகள் ஓடின. கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு என்று ஒவ்வொன்றுக்கும் மார்க். தைராய்டு மட்டும் சிவப்பு. நான் வாயைத் திறந்து "எனக்குத் தைராய்டு இருக்கு" என்று சொன்ன பிறகுதான் அது சிவப்பானது. இது எனக்கு உறைக்க மூன்று மாதம் ஆனது.

தைராய்டு சுரப்பு குறைவு என்று அரசாங்க கிளினிக்கில் கண்டுபிடித்து, தைராக்சின் 50 மைக்ரோகிராம் கொடுத்திருந்தார்கள். ஆனால் இரத்தத்தில் டி.எஸ்.எச். 9-க்குக் கீழே இறங்கவே இல்லை. அது சுமார் 4-க்குள் இருக்க வேண்டும். தைராய்டு சோம்பினால் அதை விரட்டி வேலை வாங்க மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன் அது. சோம்பல் கூடக் கூட அதுவும் ஏறும். மாத்திரை சாப்பிட்டும் களைப்பு தீரவில்லையே என்ற என் எரிச்சல்தான் அந்த மேசைக்காரர்களுக்கு வசதியாகப் போயிற்று.

"தங்கச்சி, ஆயுசுக்கும் மாத்திரை முழுங்கப் போறியா? இது கடற்பாசி, மூலிகை. மருந்தே இல்ல, சாப்பாடு" என்றார் அந்த அக்கா. மூன்று பாட்டில் 390 வெள்ளி. ரசீது இல்லை. மாத்திரையை அன்றோடு நிறுத்தினேன்.

முதல் இரண்டு மூன்று வாரம் எந்தக் குறையும் இல்லை. ஏமாந்தது இங்கேதான். தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். நிறுத்தினாலும் பழைய மருந்து வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் புண்ணியத்தை எல்லாம் பாட்டில் தட்டிக்கொண்டது. நானே இரண்டு பேரிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

ஐந்தாவது வாரம் மலச்சிக்கல், தோல் வறட்சி. "நச்சு வெளியேறுது, பயப்படாத" என்று வாட்சாப் வந்தது. அப்புறம் மத்தியான வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்தேன். கண்ணைச் சுற்றி வீங்கியது. ஒரு நாள் ஈப்போவில் படிக்கும் மகளுக்குப் போன் போட்டேன்; "யாரு பேசுறது?" என்றாள். குரல் அவ்வளவு கரகரத்துப் போயிருந்தது.

கிளினிக்கில் நாடித்துடிப்பு 52. டி.எஸ்.எச். 61. கொழுப்பும் ஏறியிருந்தது. டாக்டர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குகிறது, இந்த நிலையில் கடற்பாசியில் உள்ள அயோடின் அளவு மீறினால் சுரப்பு இன்னும் குறையலாம் என்றார். மாத்திரை இல்லாமல் ரொம்ப நாள் விட்டால் நினைவிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும் சொன்னார். குழாயைப் பிடித்துத் தைராய்டை அளக்க முடியாது. இரத்தம் எடுத்தால்தான் தெரியும்.

அப்புறம் கேட்டார், "மாத்திரையை எப்படிச் சாப்பிட்டீங்க?"

கோப்பியோடு. அம்மா தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன காலத்திலிருந்து எங்கள் வீட்டில் கோப்பிதான் முதலில். கோப்பியோடு சேர்த்தால் மருந்து சரியாக உடம்பில் சேராதாம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை என்றால் 4 மணி நேர இடைவெளி. முதல் நாளே யாராவது இதை விளக்கியிருந்தால் அந்த மேசைப் பக்கமே போயிருக்க மாட்டேன். மருந்துக் கவரில் மலாயில் ஒரு வரி இருந்தது உண்மைதான், நான் படிக்கவில்லை.

மருந்து என்று விற்கும் எதிலும் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்க வேண்டும். என் பாட்டிலில் இரண்டும் இல்லை. "சாப்பாடுதானே" என்று அந்த அக்கா அழுத்திச் சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறது. காசைத் திரும்பக் கேட்டேன். எனக்குப் பொறுமை இல்லை என்று கோயிலில் என் அத்தையிடம் சொல்லியிருக்கிறார். சரி, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கப் போகிறேன். ரசீது இல்லாவிட்டாலும் வாட்சாப் பேச்சு முழுவதும் இருக்கிறது.

அன்று மண்டபத்தில் எனக்கு அடுத்து உட்கார்ந்தவர் ஒரு கர்ப்பிணி. அவரும் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்தான். தாய்க்கு இந்த ஹார்மோன் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியையே பாதிக்கலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது. பெயர் தெரியாது. பச்சை பஞ்சாபி சூட், கையில் பிங்க் நிறக் கர்ப்பிணிப் புத்தகம். யாருக்காவது தெரிந்தால் இதைக் காட்டுங்கள். வரும் ஞாயிறு அதே மண்டபத்தில் மறுபடி மேசை போடுகிறார்களாம்.