கொல்லிமலை ஏற மறுத்த காரும் நாமக்கல் லாரிப் பட்டறையும்

கொல்லிமலைக் கோயிலின் அறப்பளீசுவரரைப் பார்க்க அப்பாவோடு கிளம்பிய கார், காரவள்ளி அடிவாரம் தாண்டி 12ஆவது கொண்டை ஊசி வளைவிலேயே மூச்சு வாங்கத் தொடங்கியது. மொத்தம் 70 வளைவுகள். இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தும் இழுவை இல்லை. பின்னால் கரும்புகை எழுந்தது. சிறுவயதில் இதே மலையில் பேருந்தின் முன்சீட்டில் உட்கார்ந்து வளைவுகளை எண்ணிக்கொண்டே போன எனக்கு, அப்பாவை அங்கிருந்து திருப்பி அழைத்து வந்தது மிகுந்த வருத்தமாக இருந்தது.

மறுநாள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனரைச் செருகினார்கள், பி0299 என்று வந்தது. காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ தரவேண்டிய காற்றழுத்தம் வரவில்லை என்பதே அந்தக் குறியீட்டின் பொருள். அழுத்தம் ஏன் வரவில்லை என்பதை அது சொல்வதில்லை. ஆனால் பதினைந்தே நிமிடத்தில், டர்போ போய்விட்டது, மாற்ற 62,000 ரூபாய் ஆகும், பொருள் வர ஐந்து நாள் பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். காற்றுக் குழாய்களைச் சோதித்தீர்களா என்று கேட்டேன். கம்ப்யூட்டரே காட்டுகிறதே என்றார்கள். காரின் அடியில் ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

நான் 14 ஆண்டுகளாக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வசிக்கிறேன். அங்கே நான் முதலில் வாங்கியது சூப்பர்சார்ஜர் பொருத்திய ஒரு பழைய பெட்ரோல் கார். அதுவும் ஒருமுறை இதேபோல் இழுவை இழந்தது. சூப்பர்சார்ஜரை இன்ஜினே பெல்ட் மூலம் சுழற்றுகிறது, டர்போவைப் புகைபோக்கிக்குப் போகும் வாயு சுழற்றுகிறது. ஆயினும் இரண்டிலும் அமுக்கப்பட்ட காற்று வழியில் எங்கும் கசியாமல் இன்ஜினைச் சேர்ந்தாக வேண்டும். அந்தப் பட்டறையில் முதலில் பெல்ட்டைப் பார்த்தார்கள். பிறகு காற்றுப் பாதைக்குள் புகையைச் செலுத்தி, அது எந்த இணைப்பில் வெளியேறுகிறது என்று கண்டுபிடித்தார்கள். இரண்டு வாரம் காத்திருக்க வைத்தார்கள், சோதித்த நேரத்துக்குத் தனியாகப் பணமும் வாங்கினார்கள். அன்று அது எனக்குக் கசந்தது. இன்று அதன் நியாயம் புரிகிறது: கோளாறு கண்டுபிடிக்கும் உழைப்புக்குக் கூலியே கிடையாது என்றால், பொருளை மாற்றுவதில் மட்டும்தான் வருமானம் என்றாகிவிடுகிறது.

அப்பாவின் நண்பர் சொல்லி நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறைக்குப் போனோம். லாரிக்குப் பாடி கட்டுவதற்குப் பேர்போன ஊர். டர்போ என்பது அங்கே அன்றாடப் பேச்சு. அறுபது வயதிருக்கும் மெக்கானிக், பானெட்டைத் திறக்குமுன் அப்பாவிடம் கேட்டார்: "ஏனுங்கய்யா, புகை கருப்பா போச்சுங்களா, நீலமாவா?" நீலமென்றால் டர்போ சீல் வழியாக ஆயில் எரியக்கூடும், கருப்பென்றால் டீசலுக்கேற்ற காற்று உள்ளே போகவில்லை. கருப்பு என்றதும், ஏற்றத்தில் புதிதாக 'உஸ்' என்ற சத்தம் கேட்டதா என்றார். கேட்டது; ஏசி சத்தமென்று நான் விட்டுவிட்டேன்.

ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, டர்போவின் விசிறித் தண்டை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தார். முன்பின்னாக அசைவில்லை, இறக்கைகள் எங்கும் உரசியிருக்கவில்லை. பிறகு அந்த வாயை அடைத்து, கம்ப்ரஸர் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் செலுத்தி, குழாய்களின் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவினார். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்புறத்தில், கிளிப்புக்கு ஒரு விரற்கடை தள்ளி, நுரை பொங்கியது. கையை வைத்து வளைத்தபோது இரண்டு அங்குல நீளத்துக்கு வாய் திறந்தது; சுற்றிலும் ஆயில் ஈரத்தில் புழுதி ஒட்டிக் கருத்திருந்தது. இன்ஜின் சும்மா ஓடும்போது குழாயில் அழுத்தம் ஏறாது, வெடிப்பு மூடியே இருக்கும். ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போதுதான் அது பிளந்துகொள்கிறது. நிறுத்திய இடத்திலேயே ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்து எவராலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

"டர்போ நல்லாத்தானுங்க இருக்குது, காத்துதான் வெளிய போகுதுங்க" என்றார்.

புது ஹோஸ் 1,900 ரூபாய். கூலி கேட்டபோது 350 என்றார். ஒன்றரை மணி நேரம் கவனமாகச் சோதித்ததற்கு அது போதாது என்று வற்புறுத்தி ஆயிரம் கொடுத்தேன். அப்போதும் பாதியை அப்பாவின் கையில் திணித்துவிட்டார். இவ்வளவு தெரிந்தவர், தம் அறிவுக்குத் தனியாக விலை உண்டு என்று நினைக்கவே இல்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

நான் ஸ்டுட்கார்ட் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு மறுபடியும் கொல்லிமலைக்குப் போனோம். இம்முறை அப்பாவே ஓட்டினார். 12ஆவது வளைவில் கண்ணாடியை இறக்கிச் சத்தத்தைக் கேட்டவர், மூன்றாம் கியருக்கு மாற்றினார்.