நாலரை வருடம், 340 பேர், யாரும் அழுத்தாத ஒரு லிங்க்

போன மாதம் நண்பன் கேட்டான்: "இன்னும் அந்த மெயில் லிஸ்ட் சாஃப்ட்வேரைத்தான் வச்சிருக்கியா? நானும் அதையே போட்டுக்கலாமா?" அதற்கு முந்தைய இரண்டு இரவும் அதே மென்பொருளைச் சரிசெய்வதில்தான் போயிருந்தன. ஃபோனில் நான் சொன்ன பதில் கோபத்தில் வந்தது. நிதானமாக எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். கோபம் இன்னும் முழுக்க இறங்கவில்லை.

என் பட்டியல் சின்னது. அடுத்த இரண்டு வாரம் இரவு வானத்தில் என்ன தெரியும் என்று மாதம் இரண்டு கடிதம். 340 பேர். யாரையும் நானாகச் சேர்த்ததில்லை. தளத்தில் அவரவரே முகவரி கொடுத்து, உறுதி கேட்டுப் போகும் மடலில் உள்ள லிங்க்கை அழுத்தினால்தான் பெயர் ஏறும். அந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பெருமை உண்டு. மென்பொருள் ஓப்பன் சோர்ஸ், ஓடுவது என் சர்வரில், மடல்களை வெளியே கொண்டு சேர்ப்பது மட்டும் ஒரு கட்டணச் சேவை. மடல் உண்மையில் என்னிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் முதல் வாரமே ஒழுங்காக வைத்துவிட்டதால் கடிதம் ஸ்பேமில் விழுகிறது என்ற புகார் அதிகம் வந்ததில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மனசு வராது. தமிழ்த் தலைப்பை இவ்வளவு சுத்தமாக அனுப்பும் மென்பொருளை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. மின்மடலின் தலைப்பு வரி தமிழில் இருந்தால் அதை ஆங்கில எழுத்துகளும் எண்களுமாகத் துண்டு துண்டாகப் பொதிந்துதான் அனுப்ப வேண்டும். ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக்கூடாது என்பது 1996-இல் வந்த ஆர்எஃப்சி 2047 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் விதி. பொதியும் குறிகள் போக, பேஸ்64 என்ற பொதியும் முறையில் ஒரு துண்டுக்குள் 45 பைட் அடங்கும். எழுத்துகளைக் கணினியில் வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் (எழுத்தோ, கொம்பு, கால் மாதிரி துணைக்குறியோ) 3 பைட், ஆகவே 15 குறியீடு. நடுவில் ஒரே ஒரு இடைவெளி வந்தாலும் கணக்கு தவறி, துண்டின் விளிம்பு ஒரு எழுத்தின் வயிற்றில் போய் விழும். எழுத்தை உடைக்காமல் துண்டு போட வேண்டும் என்றும் அதே விதியில் இருக்கிறது. முன்பு வைத்திருந்த மென்பொருள் அதை மதிக்கவில்லை. "வியாழனும் சனியும் அருகருகே" என்று அனுப்பினால் சிலருக்கு நடுவில் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம் போய்ச் சேரும். இதில் நாலரை வருடத்தில் ஒரு தடவைகூட அப்படி ஆகவில்லை. இல்லாத முகவரி என்று 550 பதில் வந்தால் பெயரை நிறுத்திவிடுகிறது. பெட்டி நிரம்பிவிட்டது மாதிரி தற்காலிகமான பதில் வந்தால் பொறுத்திருந்து மறுபடி அனுப்புகிறது. நான் கையை வைக்க வேண்டியதே இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றரை மாதம் முன்பு ஒரு வாசகர் எழுதினார். ஆரம்பத்திலிருந்தே கூட இருப்பவர், அடிக்கடி பதில் போடுபவர். "எட்டு மாசமா உங்க கடிதமே வரலையே, உடம்புக்கு ஏதும் முடியலையா? கிரகணத்துக்காவது எழுதுவீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்." எழுதியிருந்தேன். முழுச் சந்திர கிரகணத்துக்கு இரண்டு நாள் முன்பே, எந்த நிமிடம் நிழல் தொடும் என்பது வரை எழுதி அனுப்பியிருந்தேன். பட்டியலில் தேடினால் அவர் பெயருக்கு நேரே "விலகிவிட்டார்" என்று இருந்தது. அவர் விலகவில்லை என்கிறார், மென்பொருள் விலகினார் என்கிறது.

நடந்ததையெல்லாம் நேரத்தோடு மென்பொருள் குறித்துவைக்கும் லாக்கைத் திறந்தேன். அவருக்குக் கடிதம் போன நேரம் காலை 6:02:11. அதிலிருந்த முதல் லிங்க் திறக்கப்பட்ட நேரம் 6:02:14. அடுத்த லிங்க் அதே நொடி, அதற்கடுத்ததும் அதே நொடி. மேலிருந்து கீழே ஒன்று விடாமல் எல்லா லிங்க்கும் வரிசையாகத் திறக்கப்பட்டிருந்தன. கடைசி லிங்க், "இனி வேண்டாம்" என்பது. அதுவும் 6:02:15-க்கு. நாலு நொடியில் கடிதத்தைத் திறந்து, பதினோரு லிங்க்கையும் அழுத்தி முடிக்கும் மனிதர் யார்?

மனிதர் இல்லை. பல அலுவலகங்களில் மடல் உள்ளே வருமுன் பாதுகாப்பு மென்பொருள் ஒன்று அதைப் பிரித்து, லிங்க் ஒவ்வொன்றையும் தானே திறந்து, ஆபத்து உண்டா என்று பார்க்கும். அது அதன் வேலை, அதைக் குறை சொல்ல மாட்டேன். என் கோபம் வேறு. லிங்க்கைத் திறந்த மாத்திரத்தில் ஒருவரைப் பட்டியலிலிருந்து தூக்கலாமா? லிங்க்கைத் திறக்கும்போது போகும் கெட் கோரிக்கை ஒரு பக்கத்தைக் காட்டுவதற்கு மட்டுமே, எதையும் மாற்றக்கூடாது என்று, இணையப் பக்கங்களைப் பரிமாறும் முறையான எச்டிடிபியின் 1999 ஆவணத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8058, ஒரே சொடுக்கில் விலகும் முறைக்குப் எதையாவது மாற்றச் சொல்லி அனுப்பும் போஸ்ட் கோரிக்கையைக் கட்டாயமாக்கியதற்குக் காரணமே இந்த மாதிரி தானியங்கித் திறப்புகள்தான். ஜிமெயிலும் யாகூவும் 2024-இல் அந்த முறையைப் பெரிய அளவில் அனுப்புவோருக்கு விதியாக்கின. இத்தனைக்குப் பிறகும் என் மென்பொருளில் லிங்க்கைத் திறந்தாலே ஆள் வெளியே.

நாலரை வருடத்தில் "விலகியவர்கள்" மொத்தம் 58 பேர். அதில் 19 பேர் இப்படி நொடிக் கணக்கில் தள்ளப்பட்டவர்கள். கடிதம் பிடிக்காமல் போகிறார்கள் என்று நினைத்து, அந்தக் காலத்தில் நான் கடிதத்தின் நீளத்தைக் குறைத்தேன். நட்சத்திரப் பெயர்களைப் பற்றி எழுதிவந்த பகுதியை நிறுத்தினேன். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

உள்ளே வரும் கதவிலும் இதே கோளாறு. உறுதிசெய்யும் லிங்க்கும் திறந்தாலே போதும் என்ற வகைதான். வேறொருவர் முகவரியை யாரோ, அல்லது ஏதோ ஒரு பாட் (தானியங்கி நிரல்), தளத்தில் போட்டுவிட்டால் உறுதி மடல் அவர் அலுவலகத்துக்குப் போகும். அங்குள்ள பாதுகாப்பு மென்பொருள் அவருக்குப் பதிலாக "சரி" என்றுவிடும். போன வருடம் ஒருவர் "நான் எப்போது கேட்டேன்? யார் நீங்கள்?" என்று கடுமையாக எழுதினார். உறுதிசெய்த நேரத்தை ஆதாரமாகக் காட்டி அவருக்கு நான் பதில் எழுதினேன். அவர் சொன்னது உண்மை, நான் காட்டிய ஆதாரம் பொய். இந்த வாரம் அவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

சின்னப் பட்டியலில் இது சின்ன விஷயம் இல்லை. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1-க்குள் இருப்பது நல்லது என்கிறது கூகுள். என் 340 பேரில் சுமார் 260 பேர் ஜிமெயில்காரர்கள். அதில் ஒரே ஒருவர் எரிச்சலில் ஸ்பேம் பொத்தானை அழுத்தினால் அன்றைய கணக்கு 0.38 சதவீதம். அதைப் பார்க்கக் கூகுள் தரும் கருவியிலும் இவ்வளவு குறைவாக அனுப்புபவருக்கு ஒன்றும் தெரியாது. திறந்தவர் விகிதத்தையும் நம்ப முடியாது. 2021-இலிருந்து ஆப்பிள் மெயில் படங்களை முன்கூட்டியே இறக்கிவைப்பதால், படிக்காதவரும் படித்தவராகத் தெரிவார். கடைசியில் எனக்கு உண்மையைச் சொன்னது ஒரு வாசகரின் கடிதம் மட்டும்தான்.

நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒன்றரை வருடம் முன்பே வந்த பதிப்பில் இதைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. லிங்க்கைத் திறந்தால் ஒரு பக்கம் வரும், அதில் பொத்தானை அழுத்தினால்தான் வேலை நடக்கும். நானும் அந்தப் பதிப்புக்கு மாறித்தான் இருந்தேன். ஆனால் ஏற்கெனவே நிறுவியவர்களுக்குப் பழைய பழக்கமே தொடரும் என்று வைத்துவிட்டார்கள். வெளியீட்டுக் குறிப்பில் அதற்கு ஒரே ஒரு வரி. புதிதாக நிறுவுபவருக்குப் பாதுகாப்பு, நாலு வருடமாகக் கூட இருப்பவருக்கு இல்லை என்றால் அது என்ன முறை? அமைப்பை மாற்றுவது ஒரு நிமிட வேலைதான். நான் சொந்தமாக எழுதிய மடல் வார்ப்புருக்களில் பழைய லிங்க் ஒட்டிக்கொண்டிருந்ததால் அவற்றைத் தேடித்தேடி மாற்றியதில்தான் இரண்டு இரவு போயிற்று.

இப்போது ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. மாற்றிய பிறகு போன இரண்டு கடிதங்களிலும் அந்த நாலு நொடி வரிசை லாக்கில் வரத்தான் செய்கிறது. பொத்தானை மட்டும் யாரும் அழுத்துவதில்லை, யாரும் வெளியேறவும் இல்லை.

வேலை சுத்தம், தமிழ் சுத்தம், நாலரை வருடத்தில் ஒரு மடலும் இரண்டு முறை போனதில்லை. ஆனாலும் நண்பனிடம் "வேண்டாம்" என்றுதான் சொன்னேன், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அடுத்த வருடம் கேட்டால் வேறு மாதிரி சொல்லலாம். நான் மட்டும் இதை விட்டுப் போகப் போவதில்லை. அவன் எதைப் போட்டாலும் சரி, முதல் கடிதம் அனுப்பியதும் லாக்கில் நொடிகளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

தள்ளப்பட்ட 19 பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். பட்டியலில் நானாக மறுபடி சேர்க்கவில்லை, விருப்பம் இருந்தால் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். 12 பேர் பதில் போட்டார்கள், அதில் 10 பேர் திரும்ப வந்திருக்கிறார்கள். கிரகணத்தைத் தவறவிட்ட வாசகர், நட்சத்திரப் பெயர்களைப் பற்றிய பகுதியை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டிருந்தார். இந்த வெள்ளிக்கிழமைக் கடிதத்தில் ரோகிணியிலிருந்து மறுபடி தொடங்குகிறேன்.