65 வாட் ஒற்றைச் சார்ஜரா, கருவிக்கொரு சின்னச் சார்ஜரா?

மடிக்கணினிக்கென்று வாங்கிய 65 வாட் டைப்-சி சார்ஜரிலேயே காதில் மாட்டும் புளூடூத் கருவி, இரவில் வயலுக்கு எடுத்துப்போகும் டார்ச், கையடக்க மின்விசிறி, சின்ன ஸ்பீக்கர் ஆகிய எல்லாவற்றையும் சார்ஜ் செய்துகொள்வதென்று மயிலாடுதுறையில் எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. கருவிக்கொன்றாகச் சேர்ந்து கிடந்த சின்னச் சார்ஜர்களில் ஒன்றைத் தவிர மற்றவை ஓரங்கட்டப்பட்டுவிட்டன. ஆகையால் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதவில்லை.

இடம் மிச்சம், பயணத்துக்கு ஒன்றே போதும் என்பதெல்லாம் சொல்லாமலே விளங்கும். விலையில் சின்னது வெல்லும். கடைத்தெருவில் 150 ரூபாய்க்கே கிடைக்கிறது, நல்ல 65 வாட் சார்ஜருக்கு அதைப்போலப் பத்து மடங்காவது கொடுக்க வேண்டும்.

“இத்தனூண்டு பேட்டரிக்கு அறுபத்தஞ்சு வாட்டக் குடுத்தா வெடிச்சிடாதா தம்பி?” என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார். நியாயமான அச்சம்தான். ஆனால் 65 வாட் என்பது அந்தச் சார்ஜரால் கொடுக்க முடிந்த உச்ச அளவே தவிர, செருகியதை எல்லாம் அந்த அளவுக்குத் திணிக்கும் வேகம் அன்று. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போனாலும் மடையைத் திறந்த அளவுக்குத்தான் வயலில் பாயும். எத்தனை ஆம்பியர் இழுப்பது என்பதைக் கருவிக்குள் இருக்கும் சார்ஜிங் சிப் தீர்மானிக்கிறது, லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட்டைத் தொட்டதும் இழுப்பதைப் படிப்படியாகக் குறைத்து, நிறைந்ததும் அதுவே நிறுத்திக்கொள்கிறது. கரையை உடைப்பது நீர்மட்டம், அதாவது வோல்ட். டைப்-சி வாயிலில் கருவி செருகப்பட்டதும் முதலில் கிடைப்பது 5 வோல்ட்தான். பவர் டெலிவரி முறையில் 9, 15, 20 வோல்ட் வேண்டுமானால் கருவி அதைக் கேட்டுப் பெற வேண்டும். சின்னக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படிக் கேட்கவே தெரியாது, எனவே அவற்றுக்குக் கடைசிவரை 5 வோல்ட்தான்.

இத்தோடு வாட் பிரச்சினை தீர்ந்தது. என்னைப் பெரிய சார்ஜரின் பக்கம் சாய்த்தது வேறொரு காரணம்: சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டுக்கும் கையில் பிடிக்கும் கருவிக்கும் நடுவே எது நிற்கிறது என்பது. பேருந்து நிலையத்தருகே வாங்கிய, உயிர்விட்டுப்போன ஒரு சின்னச் சார்ஜரைப் பிரித்துப் பார்த்தேன். கட்டைவிரல் அகலப் பலகை, ஃபியூஸ் இல்லை, டிரான்ஸ்ஃபார்மரின் இரு சுற்றுகளுக்கும் நடுவே பேருக்கு ஒரு சுற்று டேப், மின்சாரப் பக்கத்து ஈயப்பற்றும் 5 வோல்ட் பக்கத்து ஈயப்பற்றும் நகக்கண் அகலத்துக்கும் குறைவான இடைவெளியில் நின்றன. அந்த இடைவெளியில் ஐப்பசி மாதத்து ஈரமும் தூசியும் படிந்தால் என்ன ஆகும் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. தடுப்பு உடைந்தால் 5 வோல்ட்டுக்கென்று செய்த ஒயரில் 230 வோல்ட் ஏறிவிடும், அப்போது கருவி சிறியதா பெரியதா என்ற கேள்விக்கே இடமில்லை.

நம் பகுதியில் இது வெறும் கற்பனை அன்று. காற்றடித்துத் தென்னை மட்டை கம்பியில் விழுந்து, மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி அறுந்தால், மும்முனை இணைப்பில் சுமை குறைந்த முனையிலுள்ள வீட்டுக்கு 230-க்குப் பதிலாக 400-ஐ நெருங்கும் வோல்ட் வரக்கூடும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் மின்கம்பத்தையும் சேர்த்துச் சாய்த்த ஊர்க்காரர்களுக்குக் கம்பியின் நிலையற்ற தன்மை நன்றாகவே தெரியும். 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்ட நல்ல சார்ஜரும் 400 வோல்ட்டை நெடுநேரம் தாங்காது. ஆனால் அது சாகும்போது உள்ளேயுள்ள ஃபியூஸ் போய், மின்சாரப் பக்கத்தோடு முடிந்துவிடும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது; மலிவுச் சார்ஜரிடம் அந்த மரியாதையை எதிர்பார்க்க முடியாது.

எனவே வாங்கும்போது வாட்டைப் பார்ப்பதற்கு முன் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையையும், ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணையும் பார்க்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் எந்த நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது என்று தெரிந்துவிடும். பெயர் ஒத்துவராவிட்டால் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். இந்த அளவுகோலில் தேறும் 5 வாட் சார்ஜர் என்றால், பாதுகாப்பில் அது 65 வாட்டுக்குச் சற்றும் குறைந்ததன்று. நான் ஒதுக்கியது சிறியதை அன்று, மட்டமானதை.

சின்னச் சார்ஜர் வெல்லும் இடமும் ஒன்று உண்டு. விலை குறைந்த டார்ச், மின்விசிறிகளில் டைப்-சி துளை மட்டும் இருக்கும், அதற்குள் வைக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடைகளை மிச்சம் பிடித்திருப்பார்கள். இருபுறமும் சி முனையுள்ள கேபிளில் 65 வாட் சார்ஜரோடு இணைத்தால் அவை சார்ஜே ஆகாது. கருவி வந்திருப்பதே சார்ஜருக்குத் தெரியாது. பழுது என்று தூக்கி எறிந்துவிட வேண்டாம். பழைய அகலமான யூஎஸ்பி-ஏ துளையிலிருந்து சி முனைக்குப் போகும் கேபிளில் போட்டால் ஏறிவிடும். பழைய கைப்பேசியோடு வந்த 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜரை எங்கள் டார்ச்சுக்காக வைத்திருப்பது இதனால்தான். வாங்கும் பெரிய சார்ஜரிலேயே அகலத் துளை ஒன்று இருந்தால் அதுவும் தேவைப்படாது.

உண்மையில் கருவியைக் கொல்வது உருளை முனை அடாப்டர்தான். மோடத்தின் 12 வோல்ட் முனை 5 வோல்ட் விளக்கின் துளையில் கச்சிதமாகப் பொருந்திவிடும், தடுக்க இடையில் எந்தப் பேச்சுவார்த்தையும் கிடையாது. டைப்-சி சார்ஜரிலிருந்து மோடத்துக்கு 12 வோல்ட் எடுத்துத் தரும் தனிக் கேபிள்களும் விற்கின்றன. மறுமுனையில் எந்தக் கருவி இருந்தாலும், அவை தமக்கென்று குறித்த வோல்ட்டையே சார்ஜரிடம் கேட்கும். அப்படியொன்று வீட்டிலிருந்தால் சிவப்பு டேப் சுற்றித் தனியே வைப்பது நல்லது.

யூஎஸ்பி துளையோடு வரும் எக்ஸ்டென்ஷன் பெட்டிகளை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை, அவற்றைக் குறித்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உப்புக்காற்றில் எந்தச் சார்ஜர் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை அங்கே குடியிருப்பவர்கள்தாம் சொல்ல வேண்டும். இடி இடிக்கும்போது மட்டும் 65 வாட்டோ 5 வாட்டோ, இரண்டையும் பிளக்கிலிருந்து கழற்றிவிடுகிறோம்.