மொழித் தத்துவம் ஆன்லைன் வகுப்பு: பாதி வரைக்கும் நல்லாயிருக்கு

தத்துவம் உலகத்தைப் பற்றிப் புதிதாக எதையும் சொல்லாது, நாம் பேசுவதைத் தெளிவாக்குவதுதான் அதன் ஒரே வேலை என்று ஆரம்பத்திலேயே அடித்துச் சொல்லிவிடுகிறார் ஆசிரியர். சரி, நிரூபிக்கட்டும் என்று உட்கார்ந்தேன்.

பிரிட்டிஷ் தத்துவவாதி ரஸ்ஸல் பற்றிய பகுதி அட்டகாசம். 'பிரான்சின் இன்றைய மன்னருக்கு வழுக்கை' என்ற வாக்கியத்தைத் திரையில் போடுகிறார். அங்கே மன்னரே கிடையாது, அப்புறம் யாருக்கு வழுக்கை? 1905-இல் ரஸ்ஸல் இதை மூன்றாகப் பிரித்தார்: ஒரு மன்னர் இருக்கிறார், ஒருவருக்கு மேல் இல்லை, அவருக்கு வழுக்கை. முதல் துண்டே பொய் என்பதால் மொத்தமும் பொய், இல்லாத ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. உடனே 1950-க்குத் தாவி, 'பொய்யும் இல்லை, உண்மையா பொய்யா என்ற கேள்வியே இங்கே எழாது' என்று இன்னொரு தத்துவவாதி ஸ்ட்ராசன் மறுத்ததைக் காட்டி, தீர்ப்பை நம்மிடமே விட்டுவிடுகிறார். இதற்கே கொடுத்த காசு சரியாகப் போச்சு.

அடுத்த தத்துவவாதி விட்கென்ஸ்டைன் வந்ததும் ஒரே ஓட்டம். 1921-இல் வந்த 'டிராக்டேட்டஸ்' என்ற நூலில் அவர் தேடியது மொழிக்கு அடியில் இருக்கும் தர்க்கத்தின் எலும்புக்கூடு. அவர் இறந்தபின் 1953-இல் வெளியான நூலிலோ, அன்றாடப் பேச்சில் சொற்கள் எப்படிப் புழங்குகின்றன என்று பார்க்கச் சொல்கிறார். இரண்டையும் 'தெளிவாக்கல்' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் புதிதாகப் படிப்பவர் குழம்பத்தான் செய்வார்.

எதிர்த்தரப்பு சுத்தமாக இல்லை. நிஜமான தத்துவச் சிக்கல்கள் உண்டு என்று 1946-இல் கேம்பிரிட்ஜில் விட்கென்ஸ்டைனோடு நேருக்கு நேர் மோதிய தத்துவவாதி பாப்பர் எங்கே? இந்த மொழி ஆராய்ச்சியையே கிழித்து 1959-இல் கெல்னர் என்ற தத்துவவாதி எழுதிய புத்தகத்துக்கு, 'மைண்ட்' என்ற தத்துவ இதழின் ஆசிரியர் ரைல் மதிப்புரை போட மறுத்தது எவ்வளவு பெரிய சண்டை! அதைப் பற்றி மூச்சே இல்லை.

'வலி' என்றால் என்ன என்பதில் நீங்களும் நானும் முழுக்க ஒத்துப்போனாலும், ஆக்டோபஸுக்கு வலிக்குமா என்ற கேள்வி அப்படியேதானே நிற்கிறது, அதை எந்த இலக்கணம் தீர்க்கும் என்று சந்தேகப் பகுதியில் கேட்டேன். 'முதலில் உங்கள் கேள்வியைத் தெளிவுபடுத்துங்கள்' என்று பதில் வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் 'திருப்பி' என்றால் என்ன என்பார்களோ என்று நானும் விட்டுவிட்டேன்.