ஓல்ட் ஸ்பைஸ் ஒரிஜினல்: குறைந்த விலையில் பழைய சலூன் வாசனை

ஷேவ் முடிந்ததும் கன்னத்தில் சுருக்கென்று ஓர் எரிச்சல், அடுத்த நொடி குளிர்ச்சி, அதன் பின்னாலேயே கிராம்பும் பட்டையும் கலந்த வாசனை. குமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பழைய சலூன்களில் நாற்காலியை விட்டு எழும்போது கிடைக்கும் அந்த நிறைவை வீட்டில் பெற, சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஓல்ட் ஸ்பைஸ் ஒரிஜினல் ஆஃப்டர்ஷேவ் லோஷனே போதும். இதைவிடப் பல மடங்கு விலையுள்ள லோஷனிலும் அடிப்படைச் சரக்கு ஆல்கஹால், தண்ணீர், வாசனை எண்ணெய் இவைதான்.

ஷுல்டன் என்ற அமெரிக்க நிறுவனம் 1938-இல் ஆண்களுக்காக இந்த வாசனையைக் கொண்டுவந்தது. 1990-இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் அதை வாங்கியது. கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், கார்னேஷன் பூ, வெனிலா, கஸ்தூரி என்று மசாலா மணமே இதன் அடித்தளம். குமரி மலைப்பகுதியான மாறாமலையில் விளையும் கிராம்பைக் கையில் கசக்கி முகர்ந்தவர்களுக்கு இதன் நடுப்பகுதி உடனே பிடிபடும். கிராம்புக்கு அந்தக் காரமான மணத்தைத் தருவது யூஜினால் என்ற எண்ணெய்ப் பொருள். தடவியவுடன் ஆல்கஹால் நெடிதான் முன்னால் நிற்கும். அது ஆவியாகிப் போனதும் மசாலா எழும். அரை மணி நேரத்தில் காரம் அடங்கி, வெனிலாவும் பவுடர் போன்ற மென்மையும் மிஞ்சும். ஆஃப்டர்ஷேவில் வாசனை எண்ணெய் சென்ட்டைவிடக் குறைவு. குளச்சல், முட்டம் பக்கத்துப் புழுக்கத்தில் வியர்வையோடு சீக்கிரமே கரைந்துவிடும். வாசனை நாள் முழுக்க நிற்க வேண்டுமென்றால் சட்டையில் வேறு சென்ட் அடித்துக்கொள்ளுங்கள். ஆஃப்டர்ஷேவை முகத்தில் திரும்பத் திரும்பத் தடவினால் தோல்தான் வறளும்.

தடவும் முறையில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கடைசியாக முகம் கழுவுவது பச்சைத் தண்ணீரில் இருக்கட்டும். கீறல் இருந்தால் படிகாரக் கட்டியை நனைத்து மெதுவாக ஓட்டி, அரை நிமிடம் விட்டு, நன்றாகக் கழுவிவிட வேண்டும். படிகாரம் தோலின் புரதத்தை உறையவைத்துச் சிறு ரத்தக்கசிவை நிறுத்தும். அதைக் கழுவாமல் மேலே லோஷன் போட்டால் இரண்டும் சேர்ந்து தோலை இழுத்துப் பிடிக்கும், காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். பிறகு தோர்த்துத் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஈரம் சொட்டும் முகத்தில் போட்டால் லோஷன் நீர்த்துப்போகும். லேசான ஈரப்பதம் இருந்தால் எரிச்சல் குறையும். அளவு 2 மி.லி. போதும், அதாவது அரை டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. உள்ளங்கைகளில் பரப்பி முதலில் கன்னம், பிறகு தாடை, கழுத்து, கடைசியில் மேலுதடு. மூக்கின் கீழே முதலில் வைத்தால் ஆல்கஹால் நெடி மட்டுமே ஏறும். முழுதும் காயும்வரை அடுப்புப் பக்கமும் சாமி விளக்குப் பக்கமும் போகக் கூடாது. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும்.

எரிச்சலைக் கவனியுங்கள், அது ஷேவின் தரத்தைச் சொல்லிவிடும். சில நொடிகளில் அடங்கினால் சரி. ஒரு நிமிடம் தாண்டியும் காந்தினால் குற்றம் பெரும்பாலும் லோஷனில் இல்லை. பிளேடு மழுங்கியிருக்கும், அழுத்தி இழுத்திருப்பீர்கள், அல்லது கழுத்தில் முடி வளரும் திசைக்கு எதிராக ஓட்டியிருப்பீர்கள். இதற்கு மாறாக, தடவிய இடத்தில் மறுநாள் சிவந்து அரித்தால் அது வாசனைப் பொருள் ஒவ்வாமையாக இருக்கலாம். யூஜினாலும் பட்டையில் உள்ள சின்னமால் என்ற வாசனைப் பொருளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முதல் முறை வாங்குபவர்கள் முழங்கையின் உள்மடிப்பில் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோவது நல்லது. கரப்பான், சீழ்ப்பருக்கள் உள்ளவர்களுக்கு இது வேண்டாம். வாசனையில்லாத பாம் (balm) எனும் களிம்பு வகையே சரி.

இதன் உண்மையான குறை வறட்சி. மேற்கே குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அவ்வளவாகத் தெரியாது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று வீசும் மாதங்களில் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கன்னம் கட்டாயம் இழுக்கும். மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கி, 100 மி.லி. பாட்டிலில் சில ஷேவுக்குப் பிறகு இடம் கிடைத்ததும் ஊசியில்லாத சிரிஞ்சால் 2 மி.லி. விட்டு நன்றாகக் குலுக்குங்கள். 5 மி.லி.க்குப் போனால் பிசுபிசுக்கும். கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் மழைக்காலத்தில் அது இன்னும் கூடும்.

குளிர்ச்சி போதாது என்பவர்களுக்கு நாட்டு மருந்துக் கடையின் புதினா உப்பு, அதாவது மென்தால். 100 மி.லி.க்கு 0.2 கிராம் போட்டால் ஆல்கஹாலில் தானே கரையும். மென்தால் தோலின் சூட்டைக் குறைப்பதில்லை, குளிரை உணரும் நரம்பைத்தான் தூண்டுகிறது. அதனால் அளவு கூடினால் குளிர்ச்சி எரிச்சலாக மாறும், கண்ணில் நீர் வடியும். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொட வேண்டாம். தண்ணீர் மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஆல்கஹாலின் விகிதம் குறைந்தால் வாசனை எண்ணெய் கரையாமல் பிரிந்து லோஷன் பால்போலக் கலங்கிவிடும்.

சலூனில் லேபிள் இல்லாத பாட்டிலிலிருந்து அடிக்கும் ஸ்ப்ரே கலங்கலாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள். "அண்ணே, பாட்டில காட்டுங்க" என்று கேட்பதில் தப்பில்லை. பலருக்கும் தேய்க்கும் ஒரே படிகாரக் கட்டியையும் மறுத்துவிடுங்கள். முகத்துக்கு முகம் ரத்தம் ஒட்டும் பொருள் அது. மஞ்சள்காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி பரவ அந்தச் சிறு கசிவே போதும். சொந்தக் கட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்ல பழக்கம்.

வாங்கும்போது ஒரிஜினல்தானா என்று லேபிளைப் படியுங்கள். மஸ்க், ஃபிரெஷ் லைம் எல்லாம் ஒரே அலமாரியில் இருக்கும், வாசனை முற்றிலும் வேறு. பேட்ச் எண், தயாரித்த தேதி, உரிம எண், அதிகபட்ச விலை நான்கும் தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். மில்லிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் பெரும்பாலும் பெரிய பாட்டில்தான் லாபம். ஒரு ஷேவுக்கு 2 மி.லி. என்றால் 100 மி.லி. 50 முறை வரும். வாரம் 3 ஷேவ் என்றால் ஏறத்தாழ 4 மாதம்.

வளைகுடாவிலிருந்து வருபவர்கள் புரூட் (Brut) என்ற ஆஃப்டர்ஷேவ் கொண்டுவந்தால் அதையும் பயன்படுத்திப் பாருங்கள். 1964-இல் வந்த அது லாவெண்டர், சோம்பு வழியில் போகும். காரம் பிடிக்காதவர்களுக்கு அதுவே பொருத்தம். எதுவானாலும் குளியலறை ஜன்னலிலோ வண்டிக்குள்ளோ வைக்காமல், மூடியை இறுக்கி அலமாரிக்குள் வையுங்கள். மூடி தளர்ந்தால் முதலில் ஆவியாவது ஆல்கஹால். வெயில் பட்டால் கெடுவது வாசனை.